டோரீனால் படிக்க முடியாத காசு

இங்கிலாந்தின் சஃபோக்கில், மெட்டல் டிடெக்டரால் வயல்களில் பழங்காசு தேடும் எங்கள் குழுவில் யாருக்கு வெள்ளிக்காசு கிடைத்தாலும் அது முதலில் டோரீன் கேட்ச்போலின் உள்ளங்கைக்குத்தான் போகும். முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். எப்பேர்ப்பட்ட கிறுக்கல் விலாசத்தையும் படித்துவிடுவாள். எழுநூறு வருடத்துக்கு முன் சுத்தியலால் அடித்த காசில் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நாலு எழுத்தைப் பிடித்தாளானால், எந்த ராஜா, எந்த ஊரில் அடித்தது என்று சொல்லிவிடுவாள்.

போன மார்ச்சில் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கை கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. "படிக்கறதுல குழப்பம் வந்தா உடனே வாங்க" என்று டாக்டர் சொன்னதுதான் அவள் மனதில் தைத்துவிட்டது. எங்களிடம் அவள் மூச்சு விடவில்லை.

செப்டம்பரில், அறுவடை முடிந்த பார்லி வயலில் கிளைவ் ஆல்டஸ் ஒரு காசு எடுத்தான். கூரை வேய்கிறவன், வாய் சும்மா இருக்காது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அதை அவள் முன் வைத்தான்.

"சீக்கிரம் சொல்லு டோரீன், டீ ஆறுது."

ஒரு பக்கம் கிரீடம் வைத்த முகம், மறுபக்கம் நீளச் சிலுவை. எட்வர்ட் ராஜா காலத்துப் பென்னிக் காசு என்று எங்களுக்கே தெரிந்தது. சிலுவையைச் சுற்றி ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். டோரீன் படித்தாள். திருப்பிப் படித்தாள். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. சேர்த்தால் ஒரு சொல்லும் வரவில்லை.

"லண்டனா, கேன்டர்பரியா?" என்றான் கிளைவ்.

"தெரியல."

"உனக்கா? துருப்பிடிச்ச பட்டன்லயே தையக்காரன் பேரைப் படிச்சவளாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணாடியை மடித்துவிட்டு எழுந்தாள்; பக்கத்திலிருந்த நானும் கூடவே எழுந்தேன். வெளியே வந்ததும் மார்ச் மாதத்துக் கதையைச் சொன்னாள். "எனக்கு எழுத்து கலைய ஆரம்பிச்சிடுச்சு."

அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அவள் நம்பவில்லை. "அட்டையில இருக்கறதைப் படிக்கச் சொன்னாங்க. காசைக் காட்டலியே."

வியாழக்கிழமை கிளைவிடமிருந்து காசை வாங்கி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனோம். அங்கே கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் இமோஜன் அதை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"இதை யாராலயும் படிக்க முடியாதுங்க," என்றாள். "அந்தக் காலத்துக் கள்ளக்காசு. அச்சு வெட்டினவனுக்கு எழுத்தே தெரியாது. நல்ல காசைப் பார்த்து கோடு கோடா வரைஞ்சிருக்கான். பாருங்க, பாதி எழுத்து திரும்பி நிக்குது."

டோரீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப உங்களுக்கும் படிக்க வரலியா?"

"ஒரு சொல்லுகூட வரல."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

இமோஜன் குழம்பினாலும் சொன்னாள். டோரீன் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். திரும்பும் வழியில் என் சீஸ் சான்ட்விச்சையும் சேர்த்துத் தின்று தீர்த்தாள்.

காரிலிருந்தே கிளைவைக் கூப்பிட்டாள். "உன்னுது கள்ளக்காசு."

"எழுநூறு வருஷம் கழிச்சும் என்னை ஏமாத்திட்டானா? பலே ஆளு," என்றான். நல்ல காசு கிடைத்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பிறகு அவனிடமும் மார்ச்சில் நடந்ததைச் சொன்னாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே. உன் நாயையாவது நான் வெளிய கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"இப்பவும் போகலாம்," என்றாள் டோரீன்.