பாசி விளக்கின் நேரத்தை நகர்த்தியது யார்?

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்த்து அனுப்புகிற வேலை அவருக்கு. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. கூட வேலை பார்ப்பவர்கள் 'எக்ஸ்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். சீப்பு தெரிந்தால்கூட கத்தியோ என்று ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிற கண். அந்தக் கண்ணைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வர அவருக்குத் தெரியாது.

அவர் சந்தேகப்படாத ஒரே இடம் கூடத்தில் இருந்த உப்புநீர் மீன் தொட்டி. மேலே இரண்டு மீன்களும் விரல் விரலாய் விரிகிற பவளங்களும். அடியில், அலமாரிக்குள், இன்னொரு சின்னத் தொட்டி. அதில் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி பச்சைப் பாசி. மீன்களின் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைப்பது அந்தப் பாசிதான். அதற்கென்று ஊதா நிறத்தில் தனி விளக்கு. மேல் விளக்கை இரவு ஒன்பதுக்குக் கையால் அணைத்ததும் கீழ் விளக்கு எரிய வேண்டும். காலை ஏழுக்கு அணைய வேண்டும். இரண்டும் சேர்ந்து இருண்டு கிடந்தால் தண்ணீரில் புளிப்பு ஏறும், பவளங்கள் சுருண்டுகொள்ளும். இந்தக் காவலுக்கு, கீழ் விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கிற, கடிகாரம் போல் சுற்றும் வட்ட டைமர் ஒன்றை வைத்திருந்தார்.

ஒருநாள் காலை எட்டரைக்கு அலமாரி இடுக்கில் ஊதா வெளிச்சம். டைமரைத் திருப்பிச் சரிசெய்தார். அடுத்த வாரம் மறுபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. பவளங்கள் கை மடக்கியது போலக் கிடந்தன.

எக்ஸ்ரேயின் பார்வை நேராகத் தொட்டிக்கு எதிரே இருந்த சோபாவுக்குப் போனது. வேலை தேடி வந்திருந்த மைத்துனன் மூன்று மாதமாக அதில்தான் படுக்கிறான்.

"உன் தம்பி டைமர்ல கை வைக்கிறான்," என்றார் மனைவியிடம்.

"அவனுக்கு அதுல என்ன வேலை?"

"வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு சொன்னானா இல்லையா?"

"வந்த புதுசுல சொன்னான். இப்ப சொல்றதே இல்லையே."

"அதான் கேக்கறேன். இப்ப ஏன் சொல்றதில்ல?"

மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மைத்துனன் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து பார்த்தார். "என்ன அத்தான், என் மூஞ்சியில மீனா நீந்துது?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் மனதில் குறித்துக்கொண்டார். கடைசியில், மாசக் கடைசிக்குள் அவன் வேறு இடம் பார்க்கட்டும் என்று மனைவியிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். அவள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

ஆதாரம் இல்லாமல் அனுப்பினால் பேச்சு வருமே! டைமரைச் சரிசெய்து, கண்ணாடி டப்பாவுக்குள் வைத்து, மூடிக்கு டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கையெழுத்து அலுங்காமல் குலுங்காமல் இருக்கிறது. உள்ளே டைமர் இரண்டு மணி இருபது நிமிடம் பின்னால் நிற்கிறது.

அப்போதும் சந்தேகம் சாகவில்லை. இடம் மட்டும் மாறியது. வளர்ப்பு மீன் கடைக்காரி மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாள் என்று டைமரைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

அவள் அதை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் ஓடுது. மீனுக்குத் தீனி போடும்போது என்ன பண்ணுவீங்க?"

"இப்ப ஒரு மாசமா கரண்டை நிறுத்திடுறேன். மோட்டார் ஓடினா தீனியை அடிச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணியில கை படுதே, ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு? காலையில பத்து நிமிஷம், வேலைக்குக் கிளம்பும்போது பத்து நிமிஷம்."

"எந்த ஸ்விட்ச்?"

"எல்லாத்துக்கும் ஒரே ஸ்விட்ச்தான்."

"டைமரும் அதுலதானே சொருகியிருக்கு? கரண்ட் இல்லாத நேரம் அதுவும் நின்னுடும் சார். தினம் நீங்கதான் அதைப் பின்னால தள்ளிட்டு இருக்கீங்க."

வழியெல்லாம் இதிலும் ஓட்டை தேடினார். நாளுக்கு இருபது, ஏழு நாளைக்கு நூற்று நாற்பது. இரண்டு மணி இருபது நிமிடம். ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை.

வீட்டில் மைத்துனன் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த டைமர்... நான்தான்," என்றார். "கரண்டை நிறுத்தும்போது அதுவும் நின்னிருக்கு. உன் மேல தப்பில்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மூணு வாரமா என் கையையே பாத்தீங்க அத்தான்."

"பாத்தேன்."

"தண்ணி குடிக்க எந்திரிக்கவே பயமா இருந்துச்சு."

அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்கேயும் போக வேணாம். வேலை கிடைக்கிற வரைக்கும் இரு," என்றார்.

அவன் கையிலிருந்த சட்டையைப் பைக்குள்ளும் வைக்கவில்லை, வெளியிலும் வைக்கவில்லை. "நாளைக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. போயிட்டு வந்து சொல்றேன்."

எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு, நேற்றுவரை ஏன் சொல்லவில்லை என்று மூன்று கேள்வியும் நாக்கு நுனிக்கு வந்தன. எக்ஸ்ரே அவற்றை மென்று விழுங்கினார்.

"போயிட்டு வா," என்றார்.