அழித்துவிட்ட வில்

என் அக்காவின் கணவரை நேரில் அத்தான் என்போம். முதுகுக்குப் பின்னால் துடைப்பான். வானாய்வுக்கூடத்தில் அவருக்கு வேலையே துடைப்பதுதான். தொலைநோக்கி எடுத்த படங்களில் தூசி, கீறல், குறுக்கே போன செயற்கைக்கோளின் கோடு எல்லாவற்றையும் கணினியில் அழித்து விஞ்ஞானிகளுக்கு அனுப்புவார். வீட்டிலும் அதே புத்தி. நாம் சாப்பிட்டு எழுவதற்குள் மேசையைத் துடைத்துவிடுவார்.

யார் யார் கையையோ காலையோ பிடித்துத் தன் தங்கைக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்லிக்காட்டவும் தவறியதில்லை. ஒரு நாள் படமொன்றில் மெல்லிய வில் போலிருந்த கறையை அவர் அழிக்கப் போனபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் தடுத்தாள்.

"அண்ணே, அழிக்காதே. கேமராவுல அழுக்குன்னா தொலைநோக்கி எங்க திரும்புனாலும் படத்துல அதே மூலையிலதான் இருக்கணும். இது நட்சத்திரங்களோட சேர்ந்து நகருது."

"வானத்துல வளையல் கடை போட்டிருக்காங்களாம்" என்று அத்தான் அறை முழுவதும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். வில்லை அழித்துவிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு வளையல்கடை என்றே பெயர். கொஞ்ச நாளில் வேலையை விட்டாள். அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திக்கொண்டாள். ரோஷக்காரி என்றார் அத்தான்.

பிறகு வேறொரு ஆய்வுக்கூடத்தார் வானில் அதே இடத்தில் அந்த வில்லைக் கண்டு அறிவித்தார்கள். அது அழுக்கில்லை. முன்னால் கேலக்ஸிகள் எனப்படும் நட்சத்திர மண்டலங்களின் கூட்டம் ஒன்று, அதற்கு வெகு தொலைவு பின்னால் இன்னொரு கேலக்ஸி. பின்னாலிருந்து வரும் ஒளி கூட்டத்தைக் கடக்கும்போது அதன் பெரும் ஈர்ப்பு ஒளியின் பாதையை வளைத்துவிடுகிறது. அதனால்தான் பின்னால் இருப்பது நமக்கு வில்லாக நீண்டு தெரிகிறது. அத்தான் அன்று சாப்பிடவில்லை. ஆனாலும் தங்கையைப் பார்க்கப் போகவும் இல்லை. வீம்பு. நாளைக்கு நாளைக்கு என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் ஒருவழியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில் ஈர்ப்பு, ஒளி, வளைவு என்று ஆரம்பித்துவிட்டார் அத்தான். அவள் சொன்னதுதான் சரி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணே" என்றாள். "நான் சொன்னது தப்பாவே இருந்திருந்தாலும், நீ சிரிச்சிருக்க வேண்டாம்."