ஓஸ்வால்ட் மாமாவின் புறங்கை

லிங்கராஜபுரத்தில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர் என் அக்கா குளோரியாவின் புருஷன் ஓஸ்வால்ட் மாமா. தெரியாத ஒயர் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டுக் கரண்ட் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது என்பார். முப்பது வருஷப் பழக்கம். சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

1998இல் இதயத் துடிப்பு குறைந்து, தலைசுற்றி விழுந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் மனுஷர் அக்காவை அண்டவே இல்லை. ஹாலில் தனியாகப் படுத்தார். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. அவள் காபி நீட்டினால், "டேபிள் மேல வை" என்பார்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் வந்து அழுதாள்.

"என்னடி யூனிஸ், என்னைப் புடிக்காம போச்சா அவருக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! நான் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை பார்க்கிற நர்சிங் ஹோமுக்கு, செக்கப் என்று சொல்லி இருவரையும் வரவழைத்தேன். கதவைச் சாத்தினேன்.

"என்ன மாமா நெனச்சிக்கிட்டிருக்கீங்க உங்க மனசுல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நெஞ்சுக்குள்ள பேட்டரி இருக்கும்மா. லீக்கேஜ் இருந்தா? தெரிஞ்சே அவள எப்படித் தொடறது?"

அட கடவுளே! ஊருக்கே எர்த் போட்டுக் கொடுத்த மனுஷர்!

அக்காவைப் படுக்க வைத்துக் கை கால்களில் கிளிப் மாட்டினேன். பேப்பர் ஓடியது.

"பாருங்க மாமா. இது அக்காவோட கரண்ட்."

மிரண்டுபோனார். விளக்கிச் சொன்னேன். சோடியமும் பொட்டாசியமும் இதயச் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளேயும் வெளியேயும் போகும்போது மின்சாரம் உண்டாகிறது. இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்ன இடம் அதைத் தொடங்கி வைக்க, செல்லுக்குச் செல் பரவி இதயம் சுருங்குகிறது. தோலுக்கு வரும்போது அது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மாமாவுக்குத் தொடங்கி வைக்கிற வேலையைப் பேட்டரி செய்கிறது. அடுத்தவருக்கு அது ஷாக் அடிக்காது.

"அப்போ இவளுக்கும் கரண்ட் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு. இத்தனை வருஷம் தொட்டீங்களே, அடிச்சுதா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எனக்கு ஷாக் அடிக்கும்னா தள்ளிப் படுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பைத்தியக்கார மனுஷா!"

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அக்காவின் கையைப் புறங்கையால் மெல்லத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கையைத் திருப்பி, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

விடவில்லை. பேப்பரில் கோடு தாறுமாறாக ஆடியது. நான்தான் மெஷினை நிறுத்தினேன்.