காதில் காய்ந்த சேறு

பெங்களூர் ரயிலில் தினமும் ஒருவர் என் எதிரில் உட்காருவார். பெயர் தெரியாது. எப்போதும் அவசரம், இறங்குமுன் மட்டும் கைக்குட்டையால் ஷூவைப் பொறுமையாகத் துடைப்பார்.

ஒரு ஞாயிறு, மழை விட்டதும் எங்கள் ஊரின் மூடிய தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸின் மைதானம் வழியாக வந்தேன். சேற்றுக் குவியலுக்கு வெளியே ஒரு முகம் மட்டும் தெரிந்தது. அவருடைய முகம். கண்கள் மூடியிருந்தன. சுரங்கத்தில் மண் சரிந்து ஆள் புதைந்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். கத்திக்கொண்டே ஓடிப்போய் இரண்டு கையாலும் தோண்டினேன்.

ஒரு கண் திறந்தது.

“தோண்டாதீங்க சார். கீழ் லெவல்ல மாட்டிக்கினு இருக்கேன். மேல ஏத்த என் பொண்ணுங்க கேஜ் எடுத்துக்கினு வர்றாங்க.”

இடுப்புவரை சேறாகி இரண்டு சிறுமிகள், கயிறு கட்டிய ஓட்டை வாளியை இழுத்து வந்தார்கள். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு அவர்களுக்கு அதுதான். பெரியவள் என்னை முறைத்தாள். “அங்கிள், தள்ளிக்கோங்க. இது எங்க ஷிஃப்ட்.”

கைச் சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

மறுநாள் ரயிலில் வழக்கம்போல ஷூவைத் துடைத்தார். காதுமடலில் சேறு காய்ந்திருந்தது. சொன்னேன்.

“தெரியும் சார். ஆட்டம் முடியறதுக்குள்ள இருட்டிடுச்சு. என்னை இன்னும் மேல ஏத்தல” என்று கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.