ஈரக் காலடி

திரையில் யார் நடந்தாலும், உண்மையில் நடப்பது காலடி அக்காதான். கதாநாயகி மாடிப்படி இறங்கினாலும் வில்லன் சரளைக்கல்லில் பதுங்கி வந்தாலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நடையை நடந்து சத்தம் கொடுப்பவள் அவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் பெயர் படம் முடிந்து, ஜனங்கள் செருப்பைத் தேடும்போது வரும்.

செருப்பு, பூட்ஸ் போட்டு நடக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். வெறுங்கால் காட்சி என்றால் அக்காவைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கால்தான் சர்க்கரை நோயில் ஒரு வருடமாக மரத்துக் கிடந்தது.

"வெறுங்காலோட ஒரு அடி வைக்காதீங்க. குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாது. அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டரம்மா கண்டித்தாள்.

"கூடத்துல சொல்லித் தொலையேன்க்கா" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னா நாளைக்கே வேற காலு வந்துடும்டி. போ, போய் வேலையைப் பாரு."

ஒருநாள் கூடத்துக்கு ஒலி சேர்க்க வந்தது, கண்ணிலும் காதிலும் கருவி மாட்டிக்கொண்டு பார்க்கும் படம். இடிந்த வீட்டுக்குள் ஒரு தாய் வெறுங்காலோடு மகனைத் தேடுகிறாள். பார்ப்பவரைச் சுற்றி அவள் காலடி கேட்க வேண்டும். காலையில் அதே தரையில்தான் ஜன்னல் உடையும் சத்தத்துக்காகக் கண்ணாடி உடைத்திருந்தார்கள். அக்காவே பெருக்கினாள். பெருக்கிய பிறகு துண்டு மிச்சமிருக்கிறதா என்று வெறும் பாதத்தால் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் தடவினாள். ஒன்றும் உறுத்தவில்லை.

நாலு தடவை நடந்தாள். "உயிரே இல்லைக்கா" என்று உதட்டைப் பிதுக்கினார் டைரக்டர். ஐந்தாவது தடவை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து துள்ளி எழுந்தார்.

"இதுதான்! ஈரமா, ஒட்டி ஒட்டி வருது பாருங்க! நிறுத்தாதீங்க, கடைசி வரைக்கும் போங்க!"

தண்ணீரையே தொடவில்லையே என்று அக்கா குனிந்து பார்த்தாள். தரையெல்லாம் சிவப்பு. பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா! நிறுத்தினால் கால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். பதினோரு நிமிடக் காட்சியையும் நடந்து முடித்து, தரையைத் தானே துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புண் புரையோடியது. மூன்றாவது வாரம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும், சர்க்கரையில் கால் போய்விட்டது என்று மட்டும் கேள்விப்பட்ட டைரக்டர் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கருவியை அவளுக்கு மாட்டிவிட்டார். கட்டிலைச் சுற்றி அவள் கால்கள் இரண்டும் ஈரமாக நடந்தன. அவள் கை தன்னையறியாமல் போர்வைக்குள் இடது பக்கம் தடவியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பார்த்தவங்க எல்லாரும் இப்படித்தான்க்கா அழறாங்க" என்று பூரித்துப்போனார் அவர். "அந்தச் சத்தத்தை எப்படி எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த படத்துக்கும் வேணும்."

அக்கா கருவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அதைச் சொல்ல மாட்டேன் தம்பி. இன்னும் ஒரு கால் இருக்கு. அதுக்கு வேலை வேணும்ல?"

டைரக்டர் சிரித்தார். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள்.