மாசிபாண்டாவின் கீழ்க்குரல்

மாசிபாண்டாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். புலவாயோ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், மற்றவர்கள் பாடும் மெட்டுக்கு அடியில் இணைந்து போகும் கீழ்க்குரல் பாடுவார். நான் அவருக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அவர் மகள் வயதுதான். பியானோ தேர்வில் ஐந்தாம் கிரேடு தேறிவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காத்திருந்தது. வாசிப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. காதுச் சோதனைதான் காலை வாரிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதில் விட்ட மார்க்கால்தான் பெயில்.

வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் பியானோவில் ஒரு வரி வாசிப்பார். கேட்டதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியில் நான் வாசித்தால் மாசிபாண்டா வேறு ஏதோ பாடிவைப்பார். காது மந்தமோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் எரிச்சலில், அவர் பாடும்போதே அதே வரியை மறுபடி வாசித்தேன். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தப்பு என்று நான் நினைத்த சுரமெல்லாம் என் வரிக்குக் கீழே கச்சிதமாகப் பொருந்தி ஓடியது.

"நான் வாசிச்சதையே ஏன் பாட மாட்டேங்கிறீங்க?"

"அதான் நீ வாசிச்சிட்டியே மகளே. நானும் அதையே பாடினா கீழ யாரு பாடுறது?"

"நான்தான் நிறுத்திட்டேனே!"

"கைய எடுத்துட்டா நின்னுடுமா? எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

அந்தக் காது எப்படித்தான் வேலை செய்கிறது என்று எனக்கு அதே யோசனை. அதட்டினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"மாசிபாண்டா, சாவு வீட்டுல முன்னால பாடுறவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பாட்டை அந்தரத்துல விட முடியுமா? அவங்க வரிய நான் எடுத்துப்பேன்."

"தேர்வாளருக்கும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு வெச்சுக்கோங்க."

"ஐயோ பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து!" என்றவர், அடுத்த வரியை அப்படியே திருப்பிப் பாடினார்.

தேர்வன்று வெட்கத்தை விட்டுக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சோதனையும் சுத்தமாகப் போனது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். அதற்குள் மறுபடியும் பியானோ. கூடவே கணீரென்று கீழ்க்குரல்! போச்சு, வேலையும் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தவர் மேல் பாய்ந்தேன். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஏன் கத்துறே? எல்லாம் முடிஞ்சு அவர் பேனாவை மூடினப்புறம்தான் இன்னொரு தடவ வாசிங்கன்னு கேட்டேன். இவ்வளவு நேரம் அந்த மனுஷனத் தனியா விட்டுட்டு, எந்த முகத்தோட வெளிய வர்றது?"