வாசலில் கழற்றிய காலணிகள்

இங்கே எழுதுவது அனைத்தும் நடந்தது. நம்பும்படி உங்களை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. ஆயினும் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பேய்கள் இரவில்தான் வரும் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பட்டப்பகலில் வந்தார். என் மகள் அவருக்கு வாஃபிள் கொடுத்து உபசரித்தாள்.

எங்கள் ஹெல்லவிக், மலைகளுக்குள் நீண்டு நுழையும் கடற்கழியான ஃபியோர்டின் கோடியில், மலைக்கும் நீருக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். கோடையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நடுநீரில் நங்கூரமிடும். பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவார்கள். நாங்கள் கதவைப் பூட்டுவதில்லை. அவர்களோ ஊர் முழுவதையும் அருங்காட்சியகமாக எண்ணி எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒருவர் எங்கள் குளியலறையைத் திறந்து, சோப்பு நுரையுடன் நின்ற என் கணவர் எய்விந்திடம், நுழைவுச்சீட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. புன்னகைத்து அனுப்பிவைப்போம். வழி தவறியவர்களைப் படகுத்துறைக்கு அழைத்துப் போவது ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். அவர்களுக்குச் சாக்லெட் கிடைக்கும்.

அந்த ஆகஸ்ட் நாளில் காலையிலிருந்தே மூடுபனி. துறைகூடத் தெரியவில்லை. கப்பலின் ஊதல் மட்டும் கேட்டது. பனிக்குப் பின்னால் கப்பல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எய்விந்த் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார். பிற்பகலில் தோட்டத்தில் பெர்ரி பறித்துக்கொண்டு உள்ளே வந்தேன். சமையலறைப் பலகையில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். எதிரில் என் ஆறு வயது மகள் திரில்.

"அம்மா, இவரு பேசவே மாட்டேங்கிறாரு. வாஃபிளையும் தொடல."

"நம்ம பாஷை தெரியாது கண்ணு. கப்பல்காரரு."

அவருடைய மேல்கோட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று மழை இல்லை. படகிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்திருப்பார் என்று நினைத்தேன். எந்தப் பயணியைக் கண்டாலும் குரைக்கும் எங்கள் நாய் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அதையும் நான் பெரிதாக எண்ணவில்லை.

கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்று ஆங்கிலத்தில், கூடியவரை மரியாதையாகச் சொன்னேன். எழுந்தார். கையை நீட்டினார். என்னிடம் அல்ல... திரிலிடம்.

"நான் கூட்டிட்டுப் போறேம்மா! சாக்லெட் தந்தா உனக்கும் பாதி."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. காகிதம்தான் எனக்கு வந்துச்சு. அஸ்பியோர்ன்கிட்ட விட்டுட்டு உடனே ஓடி வந்துடணும், என்ன?"

அஸ்பியோர்ன் எங்கள் துறையில் படகுக் கயிறு கட்டும் பெரியவர். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவரும் அவர்தான்.

இருவரும் பனிக்குள் மறைந்தார்கள். நான் தரையைத் துடைக்கத் தொடங்கினேன். ஈரத் தடம் பலகையிலிருந்து வாசல் வரை சென்றது. வாசலில் என் கை நின்றது.

காலணி அடுக்கில், எய்விந்தின் காலணிகளுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி பழைய தோல் காலணிகள். நுனி சுவரைப் பார்த்தபடி, ஒழுங்காக. அடியில் கறுப்பு மண்.

கப்பல் பயணிகள் யாரும் வாசலில் காலணியைக் கழற்றுவதில்லை. அப்படியே உள்ளே வருவார்கள். கழற்றி, அடுக்கில் வைத்து, உள்ளே வருவது... நாங்கள்தான்.

அவர் அவற்றைப் போட்டுக்கொள்ளாமலே போயிருந்தார்.

காலணிகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அஸ்பியோர்ன் காபிக் குடுவையுடன் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"திரிலைப் பாத்தீங்களா? கப்பல்காரர் ஒருத்தரைத் துறைக்குக் கூட்டிட்டு வந்தா."

"எந்தக் கப்பல்? பட்டப்பகல்லயே குடிக்க ஆரம்பிச்சுட்டியா குன்வோர்? பனின்னு அது காலையிலயே திரும்பிடுச்சு. இன்னைக்கு ஒரு படகும் கரைக்கு வரல."

சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது... உனக்கு எங்க கிடைச்சுது?"

அதற்குள் ஓர் ஒலி கேட்டது.

டிங்...

மணி. கீழே, எங்கள் பழைய படகுக் கொட்டகைப் பக்கம்.

ஓடினேன். பாதையில் ஈரக் காலுறைத் தடங்கள். அவற்றை ஒட்டிச் சிறிய பூட்ஸ் தடங்கள்.

நீரோரத்தில் திரிலின் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். சேர்த்து, ஒழுங்காக.

அவள் இல்லை.

டிங்...

இடுப்பளவு நீரில் திரில். நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை நீண்டிருந்தது, யாரோ பிடித்திருப்பதுபோல.

பக்கத்தில் யாருமில்லை.

பாய்ந்து பற்றினேன். மறுபக்கம் இழுத்தது.

இழுத்தது...

விட்டது.

கரையில் அவளைக் கட்டிக்கொண்டேன். "பூட்ஸை ஏன் கழட்டினே?"

"அவரு வீட்டுக்குள்ள ஷூவோட போகக் கூடாதாம்."

"அவருதான் பேசலியே?"

"வெளிய வந்ததும் பேசினாரும்மா. நம்ம பாஷைதான்."

"எங்கடி அவரு வீடு?"

நீரைக் காட்டினாள்.

அன்று மாலை அஸ்பியோர்ன் எங்கள் சமையலறையில் அமர்ந்து சொன்னார். எங்கள் வீடு ஒரு காலத்தில் தோர்லெய்வ் என்பவருடையது. மோட்டார் படகுகள் வருமுன், கப்பல் பயணிகளைத் துடுப்புப் படகில் கரை சேர்த்தவர் அவர். மூடுபனி நாள்களில் முன்பக்கம் அமர்ந்து மணியடிக்க ஊர்ப் பிள்ளை ஒன்றை அழைத்துப் போவார். அப்படியொரு நாளில் கப்பலின் ஊதலைக் கேட்டுப் புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை.

"அன்னைக்கு மணியடிக்க நான் போயிருக்கணும்," என்றார் அஸ்பியோர்ன். "அம்மா விடல."

உடல் கிடைக்காததால் சவப்பெட்டியில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலணிகளை வைத்து அடக்கம் செய்தார்களாம்.

"இதே ஷூதான். என் கையாலதான் உள்ள வச்சேன்."

அன்றே எய்விந்த் திரிலின் பூட்ஸை எடுத்துவரப் போனார். நீரோரத்தில் அவை இல்லை.

மறுவாரம், காலணிகளைக் கல்லறையில் திருப்பி வைத்துவிடலாம் என்று பாதிரியார் அனுமதி தந்தார். அஸ்பியோர்ன் தோண்டினார். மேலே புல் கலையவில்லை. மண் இறுகியிருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அங்கே யாரும் தோண்டியதற்கான அடையாளமே இல்லை.

மூடியைத் தூக்கினார்கள்.

காலணிகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் பூட்ஸ் இருந்தது. உட்புறம் 'திரில்' என்று என் கையெழுத்து.

இன்னும் ஈரமாக இருந்தன. நுனி உட்பக்கம் பார்த்தபடி, சேர்த்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன... வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போன பிள்ளையின் பூட்ஸைப் போல.